யாழ்ப்பாணத்தில் இலவசச் சட்டப் பணி: தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பும் இளம் சட்டத்தரணியின் வீட்டு விறாந்தைக்கு, அலுவலகப் பெயர்ப்பலகை எழுதப்படுவதற்கு முன்னரே முதலாவது கட்சிக்காரர் வந்துவிடுவார். அவருடைய கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும். மடிப்பில் கிழிந்த காணி உறுதி, நீர்பட்டு எழுத்து ஊறிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், இடம்பெயர்ந்த காலத்துக் குடும்ப அட்டை எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். "தம்பி, ஒருக்கா இதைப் பார்த்துச் சொல்லுமன்" என்று அவர் கேட்பார். இங்கே இலவசச் சட்டப் பணி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அதைத் தொடங்குவதற்கு எவருக்கும் வழிகாட்டி தேவையில்லை. தொடங்கியதை ஒழுங்காக நடத்தி முடிப்பதற்கே வழிகாட்டல் தேவைப்படுகிறது என்பதை நான் தொழிலின் முதல் ஆண்டுகளில் நேரடியாக உணர்ந்தேன். கேட்ட எல்லோருக்கும் ஆம் என்று சொல்லி, ஏற்ற கோவைகளுள் பலவற்றைத் தவணைக்குத் தவணை தள்ளிப்போட்டேன். கட்டணம் செலுத்திய கட்சிக்காரர் தொலைபேசியில் கேள்வி கேட்டார். கட்டணம் செலுத்தாதவர் கேட்கத் தயங்கி வாசலில் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு என் பிழையால் நேர்ந்தது. அந்தப் பிழையைத் தவிர்க்க விரும்பும் புதியவர்களுக்காகவும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறிய சட்ட அலுவலகங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள்

"புரோ போனோ" என்று ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சொல், பொது நன்மைக்காக என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கமாகும். அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மாதிரி ஒழுக்க விதிகள், ஒவ்வொரு சட்டத்தரணியும் ஆண்டுக்கு 50 மணித்தியாலங்களையாவது இதற்கு ஒதுக்க முயல வேண்டும் என்று கூறுகின்றன. நியூயோர்க் மாநிலத்திலோ, தொழிலுக்கு அனுமதி பெறுவதற்கு முன்னரே 50 மணித்தியால இலவசப் பணியைச் செய்து காட்ட வேண்டும் என்பது விதியாகவே உள்ளது. அந்த எண்ணிக்கையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வழக்குகளை எண்ணாமல் மணித்தியாலங்களை எண்ணும் அந்த முறையையே எடுத்துக்கொள்ளுமாறு கூறுகிறேன். ஒரு காணிப் பிரிவினை வழக்கு பத்து ஆண்டுகளையும் விழுங்கக்கூடும், ஒரு சத்தியக்கடதாசி அரை மணித்தியாலத்தில் முடியக்கூடும் என்பதால், "ஆண்டுக்கு ஐந்து வழக்குகள்" என்னும் உறுதிமொழிக்குப் பொருளில்லை. "வாரத்துக்கு இரண்டு மணித்தியாலங்கள், சனிக்கிழமை காலை" என்பதை உங்கள் நாட்குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். அலுவலகத்தில் பங்காளர்கள் இருந்தால், இந்த அளவை அனைவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய இரக்கத்தின் மேல் மட்டும் நிற்கும் பணி, அவர் நோயுற்ற மாதத்திலேயே நின்றுவிடும்.

ஏற்கெனவே இருக்கும் வாசல்களை அறிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் பலர், தாம் மட்டுமே உதவ இருப்பதாக எண்ணி, வேறிடத்தில் விரைவாக முடியக்கூடிய காரியத்தைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் உண்டு. குறைந்த வருமானமுடையோருக்கு நீதிமன்றத்தில் தோன்றும் சட்டத்தரணியையும் அது வழங்குகிறது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஆகியவற்றின் பிராந்திய அலுவலகங்களும் இங்கே இயங்குகின்றன. பிரதேச செயலகங்களில் பெண்கள், சிறுவர் தொடர்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இந்த அலுவலகங்களுக்கு ஒருமுறை நேரில் சென்று, எந்த நாளில் யாரைச் சந்திக்கலாம், எந்தப் படிவங்களைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, ஒரு தாளில் குறித்து மேசையின் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். வேறிடத்துக்கு அனுப்பும்போது வெறும் முகவரியைக் கொடுத்து விடாமல், விடயத்தைச் சுருக்கி எழுதிய கடிதத்தையும் கொடுத்து அனுப்புங்கள். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தவர் ஒரே கதையை நான்கு மேசைகளில் சொல்ல வேண்டிய நிலையை அந்தக் கடிதம் தவிர்க்கும்.

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பல பிணக்குகள் முதலில் அங்கே சென்று, இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்ற பின்னரே நீதிமன்றத்துக்கு வரலாம். அந்தச் சபையில் தரப்பினர் ஒருவருக்காகச் சட்டத்தரணி தோன்றுவதற்கு இடமில்லை. ஆகையால் அங்கே நம்முடைய வேலை, சபை கூடுவதற்கு முந்திய நாள் மாலையிலேயே முடிந்துவிடுகிறது. கட்சிக்காரரை இருத்தி, அவர் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் பின்னர் மீட்க முடியாது, எழுதப்படும் இணக்கத்தில் எந்தத் திகதியும் தொகையும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பவற்றைத் தெளிவுபடுத்திவிட்டால், அந்த ஒரு மணித்தியாலம் மூன்று ஆண்டு வழக்கை மிச்சப்படுத்தக்கூடும். என் கணிப்பில், புதிய சட்டத்தரணி ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள இலவசப் பணி இதுவே.

கதையைக் கேட்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள்

யாழ்ப்பாணம் சிறிய இடம். இணுவிலில் இருந்து வருபவரின் எதிராளி, உங்கள் அலுவலகத்தின் பழைய கட்சிக்காரராக, உங்கள் சித்தப்பாவின் சம்பந்தியாக, சில வேளைகளில் உங்களுக்கு அறை வாடகைக்குத் தந்தவராக இருக்கக்கூடும். முழுக் கதையையும் கேட்ட பின்னர் அதைக் கண்டுபிடித்தால், ஒரு தரப்பின் இரகசியம் உங்களிடம் வந்துவிட்டது. இனி எந்தத் தரப்புக்கும் தோன்ற இயலாது. ஆகவே முதல் கேள்வி எதிர்த்தரப்பினரின் முழுப் பெயரும் ஊரும் காணியின் பெயரும் என்னவென்பதாக இருக்கட்டும். ஒரு கொப்பியில் இந்தப் பெயர்களை அகரவரிசையில் பதிந்து வந்தால் போதும், கணினி கட்டாயமில்லை. முரண்பாடு தெரிந்தால், காரணத்தை விரித்துரைக்காமல், இந்த விடயத்தை நான் ஏற்க முடியாது என்று மரியாதையாகக் கூறி வேறொருவரிடம் அனுப்புங்கள்.

வறுமையைக் கேட்டறிவது அடுத்த கடினமான இடம். அஸ்வெசும கொடுப்பனவுக் கடிதத்தையோ கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையோ காட்டும்படி எடுத்த எடுப்பிலேயே கேட்டால், மானத்தைப் பெரிதாக எண்ணும் மனிதர் எழுந்து போய்விடுவார். உண்மையில் உதவி தேவைப்படுபவரும் அவரே. குடும்பத்தில் எத்தனை பேர், உழைப்பவர் யார், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினர் உண்டா, காணி இருந்தும் அதிலிருந்து வருமானம் உண்டா என்பவற்றைப் பேச்சோடு பேச்சாக அறிந்துகொள்ளலாம். காணி உரித்து இருப்பதையே வசதிக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். விற்கவும் முடியாத, விதைக்கவும் முடியாத பத்துப் பரப்பை வைத்துக்கொண்டு கடனில் வாழும் குடும்பங்கள் இங்கே அநேகம். ஓரளவு செலுத்தக்கூடியவரிடம் குறைந்த கட்டணம் பெறுவதில் தவறில்லை. அதையும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

எழுத்தில் கொடுங்கள்

இலவசம் என்ற சொல்லைக் கேட்கும் கட்சிக்காரர், எல்லாமே இலவசம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், நில அளவையாளரின் கூலி, மொழிபெயர்ப்பு, பத்திரிகை அறிவித்தல் ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாக வரும்போது, ஏமாற்றப்பட்டதாக அவர் உணர்வார். காணிப் பிரிவினையில் நில அளவைச் செலவு மட்டுமே ஓர் ஏழைக் குடும்பத்தின் பல மாத வருமானத்தைத் தாண்டிவிடும். ஆகையால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நாம் எதைச் செய்கிறோம், எந்தக் கட்டத்துடன் நம் பொறுப்பு முடிகிறது, எந்தச் செலவுகள் அவருடையவை, எந்த ஆவணங்களை எந்தத் திகதிக்குள் அவர் கொண்டுவர வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டதை அவருடைய வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவதாக ஏற்றுக்கொண்டால், மேன்முறையீடும் அதற்குள் அடங்குமா என்பதையும் எழுதிவிடுங்கள். மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இங்கே அடிக்கடி வரும் விடயங்கள்

மேசைக்கு வருபவற்றுள் காணியே முதலிடம் பெறும். தொலைந்த உறுதியைத் தேடுவதற்குப் புதியவர்கள் உடனே கற்றுக்கொள்ள வேண்டிய வழி ஒன்று உண்டு. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் தாம் நிறைவேற்றிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைக் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது நொத்தாரிசுச் சட்டத்தின் விதி. ஆகவே வீடு எரிந்திருந்தாலும், பெட்டகம் 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் கைவிடப்பட்டிருந்தாலும், உறுதியின் இலக்கமோ, நொத்தாரிசின் பெயரோ, காணியின் பெயரோ தெரிந்தால் பதிவகத்தின் ஏடுகளில் தேடிப் பிரதி பெற வாய்ப்புண்டு. மூத்தவர்களிடம் உறுதி இலக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. அந்தக் காணியை யாரிடம் வாங்கினீர்கள், யாருடைய கலியாணத்துக்குச் சீதனமாக எழுதினீர்கள், அப்போது எழுதிக் கொடுத்த நொத்தாரிசு யார் என்று கேளுங்கள். நினைவு தானே வரும். நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்தவரின் காணியில் வேறொருவர் குடியிருந்தால், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பத்து ஆண்டுக் கணக்கு, அதாவது அவ்வளவு காலம் இடையூறின்றி வைத்திருந்தவர் உரிமை கோரலாம் என்பது, எழும். எப்போது வெளியேறினார், எப்போது திரும்பினார், இடையில் எப்போது காணியைப் பார்க்கவாவது வந்தார் என்னும் காலவரிசையை முதல் சந்திப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காணியுடன் சேர்ந்தே, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை வரும். 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்த வழமை, முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்தின் பின் தேடியது) என்று சொத்துகளைப் பிரித்துப் பார்க்கிறது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. கணவன் காணாமற்போயிருந்தால், அல்லது கைவிட்டுச் சென்றிருந்தால், அந்தப் பெண் தன் தாய் எழுதித் தந்த வளவைக்கூட மகளின் படிப்புக்காக ஈடு வைக்க முடியாமல் நிற்கிறாள். இத்தகைய நிலையில் சம்மதமின்றியே சொத்தைக் கையாள மாவட்ட நீதிமன்றத்திடம் கட்டளை கேட்பதற்கு அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழி இருப்பதையே அறியாமல் பல ஆண்டுகள் கழித்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அது இன்றும் என்னை வருத்துகிறது. இந்த விண்ணப்பம் பெரிய வழக்கு அன்று. மனுவும் சத்தியக்கடதாசியும் ஆவணங்களும் ஒழுங்காக இருந்தால் புதியவர் ஒருவர் சிரேஷ்ட சட்டத்தரணியின் மேற்பார்வையில் நடத்தக்கூடியதே. மரணத்தைப் பதிவு செய்ய மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு, காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறும் வாய்ப்பை 2016 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் ஏற்படுத்தியது. எதைத் தெரிவு செய்வது என்பது முற்றிலும் அந்தக் குடும்பத்துக்கு உரியது. காரியம் விரைவாக முடியும் என்பதற்காக மரணச் சான்றிதழை எடுக்கும்படி ஒருபோதும் தூண்டாதீர்கள்.

வீட்டு வன்முறையில் காலமே முக்கியம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையைப் பெறலாம்; விசாரணை 14 நாட்களுக்குள் வைக்கப்பட வேண்டும்; அதன் பின்னர் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். பாதிக்கப்பட்டவரின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பெண் அன்றிரவு எங்கே தங்குவார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை மனுவை எழுதத் தொடங்க வேண்டாம். மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புச் செலவைக் கோரும் தாபரிப்பு விண்ணப்பங்களும், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்துக்கே செல்கின்றன.

அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதமே காலம். அது கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுடன் நின்றுவிடாமல், விசாரணை நடைபெறுவதைக் காட்டும் கடிதத்தையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அரச அலுவலகம் ஒன்று பதிலளிக்காமல் இழுத்தடிக்கும் சிறிய விடயங்களுக்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான ஒரு பக்க விண்ணப்பம் போதுமாக இருக்கும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

ஊருக்குச் செல்லும் நாள்

நடமாடும் சட்ட சேவையைத் திட்டமிடும்போது சனசமூக நிலையத்தையோ மாதர் சங்கத்தையோ முன்கூட்டியே அணுகி, அவர்களுக்கு வசதியான நாளைக் கேளுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், ஊர்க் கோயிலின் தேர், தீர்த்த நாட்களும், நெல் அறுவடைக் காலமும் பொருந்தாது. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முதலில் அறிந்து, அதற்கேற்ப எத்தனை பேரைச் சந்திக்கலாம் என்று கணக்கிடுங்கள். ஒருவருக்கு 20 நிமிடங்களுக்குக் குறைவாக ஒதுக்குவது அவரை அவமதிப்பதாகும். உரை நிகழ்த்துவதானால் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரணசாதனம் (உயில்) எழுதுவது எப்படி என்பதை முப்பது நிமிடம் விளக்கினால் மக்கள் வீட்டில் போய் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஆலோசனை சொல்லும் இடம் மண்டபத்தின் நடுவில் இல்லாமல், பிறர் காதில் விழாத மூலையில் இருக்க வேண்டும். திரும்பி வந்த மறுவாரத்துக்குள், அங்கே வாக்களித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கோவை திறக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு இயலாதெனில் அடுத்த பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

பயிலுநர்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவர்களும் உடன் வந்தால் பேருதவி. விவரங்களைக் குறித்தல், காலவரிசை தயாரித்தல், ஆவணங்களைப் பட்டியலிடல் ஆகியவற்றை அவர்கள் செய்யலாம். சட்ட ஆலோசனையைச் சட்டத்தரணியே சொல்ல வேண்டும். கேட்ட கதை பேருந்தில் பேசப்படக்கூடாது என்பதைப் புறப்படும் முன்னரே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

கட்சிக்காரரின் படத்தை முகநூலில் இடாதீர்கள், அவர் சம்மதித்தாலும் இடாதீர்கள். உதவி பெறும் நிலையில் இருப்பவரின் சம்மதம் சுதந்திரமானது என்று நான் நம்பவில்லை. சட்டத்தரணிகளின் நடத்தை பற்றி 1988 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஆக்கிய விதிகள் தொழிலை விளம்பரப்படுத்துவதற்கு இடமளிப்பதில்லை. இலவச சேவை அந்த விதிகளுக்கு விலக்காகாது. வழக்கு வென்றால் காணியில் ஒரு பரப்பு என்ற பேச்சு எந்த உருவில் வந்தாலும் மறுத்துவிடுங்கள். நன்றிக்காகக் கொண்டுவரும் மாம்பழத்தையும் பனங்கட்டியையும் பற்றிப் புதியவர்கள் கேட்பதுண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் பகிர்ந்து உண்ணக்கூடியதை வாங்கிக்கொள்வதே என் வழக்கம். அதை மறுப்பது கொடுப்பவரின் மனத்தைப் புண்படுத்தும்.

கோவையும் முடிவும்

இலவசக் கோவைக்குத் தனி நிறமுள்ள மட்டை வேண்டாம். கட்டணக் கோவைகளோடு ஒரே அலுமாரியில், ஒரே இலக்க வரிசையில் அது இருக்கட்டும். எழுதுவினைஞருக்கும் வேறுபாடு தெரியாமலிருப்பது நல்லது. செலவிட்ட நேரத்தைக் கோவையின் உள்ளட்டையில் எழுதிவாருங்கள். மாதத்தின் முதற் சனிக்கிழமையில் எல்லாக் கோவைகளையும் ஒருமுறை புரட்டி, அந்த மாதத்தில் எதுவும் நடைபெறாத கோவைக்கு உரியவரை நீங்களே தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். ஏற்ற விடயத்தைத் தொடர முடியாத நிலை வந்தால், அடுத்த தவணைக்குப் போதிய காலம் இருக்கும்போதே வேறொருவரை ஒழுங்குசெய்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன் விலகுங்கள்.

விடயம் முடிந்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன கட்டளை கிடைத்தது, அது எந்தத் திகதி வரை செல்லும், எதைப் பதிவகத்தில் பதிய வேண்டும், மீண்டும் பிரச்சினை எழுந்தால் எங்கே செல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். மூல உறுதிகளையும் சான்றிதழ்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக எண்ணி அவருடைய கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பட்டியலின் கீழே கையொப்பம் வாங்கி, அதன் பிரதியைக் கோவையில் வைத்த பின்னரே கோவையை மூடுங்கள். அவர் கொண்டுவந்த சொப்பிங் பை கிழிந்திருக்கும். ஆவணங்களைப் போட்டுக் கொடுப்பதற்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையை வாங்கி வையுங்கள்.